மழை விஷயத்தில் யாரைக் கேட்பது? பஞ்சாங்கம் முதல் செல்போன் ஆப் வரை ஒரு டெல்டா விவசாயியின் ஒப்பீடு

2023 ஜனவரி 30, திங்கட்கிழமை ராத்திரி. திண்ணையில் உட்கார்ந்து பதினோரு பேருக்குப் போன் போட்டேன், அத்தனையும் அறுவடை மெஷின் தரகர்களுக்கு. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், இலங்கை வழியாக வருகிறது, பிப்ரவரி பிறந்ததும் டெல்டாவில் கனமழை என்று அறிவிப்பு வந்துவிட்டது. வயலில் மூன்று ஏக்கர் பி.பி.டி. ரக நெல், அறுப்புக்கு இன்னும் நாலைந்து நாள்தான் பாக்கி. கடைசியாகப் பேசிய தரகர், "அண்ணே, ஆத்தூர்லேர்ந்து வந்த ரெண்டு பெல்ட் வண்டியும் மன்னார்குடி பக்கம் நிக்குது, உங்களுக்கு முன்னாடி நாப்பது பேரு கேட்டாச்சு, வியாழக்கிழமைக்கு முன்னாடி முடியாதுண்ணே" என்றார். புதன்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வரப்பில் நின்று பார்த்தபோது பயிர் மொத்தமும் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. ஒரு கைப்பிடிக் கதிரை எடுத்து உருவினேன், நெல் முனையில் வெள்ளையாக முளை கட்டத் தொடங்கியிருந்தது.

கணிப்பு சரியாகத்தான் சொன்னார்கள். நாளும் தப்பவில்லை, இடமும் தப்பவில்லை. ஆனால் அந்தக் கணிப்பு எனக்கு வந்த அதே நிமிஷம் திருவாரூர், நாகை, தஞ்சை மூன்று மாவட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது, எல்லாரும் ஒரே மெஷினைத் தேடினோம். இரண்டு நாளில் என்னால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை என்றால், இரண்டு நாள் முன்னால் சொல்லும் கணிப்பு எனக்கு எதற்கு? அன்றிலிருந்து "யார் சரியாகச் சொல்கிறார்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டேன். எந்த வேலைக்கு யாரைக் கேட்பது என்றுதான் பார்க்கிறேன்.

ஐப்பசி பிறந்தால் ஊரில் இதே பேச்சுதான். பஞ்சாங்கத்தில் இந்த வருடம் நல்ல மழை என்று போட்டிருக்கிறதே, ஆப்பில் ஒன்றுமே காட்டவில்லையே, டிவியில் ஆரஞ்சு எச்சரிக்கை என்கிறார்களே, எதை நம்பி உரம் போடுவது, எதை நம்பி அறுப்பது என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வானிலை படித்தவன் இல்லை, ஆனால் ஆறு வருடமாக நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வருகிறேன்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

ஒரு கணிப்பை நான் நாலு கேள்வி கேட்பேன்.

எத்தனை நாள் முன்னால் சொல்கிறது? உரம் போட ஒரு நாள் போதும், அறுப்புக்கு ஒரு வாரம் வேண்டும், என்ன ரகம் விதைப்பது என்று முடிவு செய்ய நாலைந்து மாதம் வேண்டும்.

எந்த இடத்துக்குச் சொல்கிறது? மாவட்டத்துக்கா, என் வயலுக்கா?

தப்பினால் தப்பு என்று தெரியுமா? இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். "மழை உண்டு, சில இடங்களில் சேதமும் உண்டு" என்று ஒருவர் சொன்னால் அது எந்த வருடமும் பலித்துவிடும். பலிக்காமல் போகவே வழியில்லாத வாக்கை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது.

தப்பினால் எனக்கு எவ்வளவு நஷ்டம்? மழை வரும் என்று சொல்லி வராமல் போவது ஒரு நஷ்டம், வராது என்று சொல்லி வந்துவிடுவது வேறு நஷ்டம், இரண்டும் ஒன்றில்லை. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பின்னால் போட்டுக் காட்டுகிறேன்.

## பஞ்சாங்கம்

இதைப் பற்றி மரியாதையோடுதான் எழுதுகிறேன், எங்கள் வீட்டில் இன்றைக்கும் சித்திரை ஒன்றாம் தேதி பஞ்சாங்கம் படித்துவிட்டுத்தான் நல்லேர் பூட்டுவோம். ஆனால் அதற்குள் இருக்கும் எல்லாமும் ஒரே தரம் இல்லை.

அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் இதெல்லாம் நாழிகை கணக்கில் வருடத்துக்கு முன்பே அச்சாகி, சொன்னபடி நடக்கிறது. ஆற்றுப் பாசனத்தின் கடைசியில், கடலோரமாக இருக்கும் எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களுக்கு இது சும்மா விஷயம் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலில் ஏற்றம் அதிகம், அந்த நாட்களில் முகத்துவாரத்தில் கடல் எதிர்த்து நிற்கும், வயல் தண்ணீர் ஆற்றில் இறங்காது. 2023-இல் மழை பெய்தது பிப்ரவரி முதல் மூன்று நாள், தைப்பூசப் பௌர்ணமி 5-ஆம் தேதி. எங்கள் பக்கம் தண்ணீர் வடிய அத்தனை நாள் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். பெருமழை அறிவிப்பு வந்தால் நான் முதலில் காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பார்ப்பேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பஞ்சாங்கத்தை மிஞ்சிய கணிப்பு கிடையாது.

மழைக்கு வந்தால் கதை மாறுகிறது. சூரியன் திருவாதிரையில் நுழையும் நாள் என்ன கிழமையோ அந்தக் கிழமைக்குரிய கிரகம் அந்த வருடத்து மேகாதிபதி, அதை வைத்துப் பலன் சொல்வார்கள். ஆக ஏழு கிழமைக்குள் ஒன்று. அடுத்தது அறுபது வருடச் சுழற்சி, பிரபவ முதல் அட்சய வரை, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வெண்பா, அறுபது வருடம் கழித்து அதே வெண்பா திரும்ப வரும். இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது. மன்மத வருடத்தை எடுங்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மூழ்கியது, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அறுபது வருடம் முன்னால் இதே மன்மதத்தில், 1955 நவம்பர் கடைசியில், தஞ்சைக் கடற்கரையில் ராஜாமடம் பக்கம் பெரும் புயல். ஆகா, பொருந்துகிறதே என்று தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அடுத்த வருடத்தைப் பாருங்கள், துர்முகி. 1956 நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் பக்கம் மருதையாற்றில் வெள்ளம் பாலத்தை அரித்து, தூத்துக்குடி போன ரயில் ஆற்றில் விழுந்தது. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகக் காரணமான விபத்து அது. அறுபது வருடம் கழித்து அதே துர்முகி, 2016: வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு, சம்பா கருகிய வருடம். ஒரே பெயர், ஒரே வெண்பா, ஒன்றில் பாலம் போகிற வெள்ளம், இன்னொன்றில் வெடித்த வயல்.

கர்ப்போட்டம் வேறு வகை. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் பதினான்கு நாள், டிசம்பர் கடைசியில் தொடங்கும், அப்போது மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது, தூறல் உண்டா என்று பார்த்து அடுத்த வருட மழையைச் சொல்வது. மேகம் கருக்கொண்டு 195-ஆம் நாள் மழையாகப் பிறக்கும் என்பது பழங்கணக்கு. இதில் எனக்குப் பிடித்தது, இது வானத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது, அதோடு நாளும் சொல்கிறது. நாள் சொன்னால் சரிபார்க்கலாம். மூன்று மார்கழி எழுதிவைத்துப் பார்த்தேன். என் வயலில் பாதிக்குப் பாதிகூடத் தேறவில்லை. மூன்று வருடம் குறைச்சல்தான், இன்னும் எழுதுகிறேன்.

மறைமுகச் செலவு என்ன? காசாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, புத்தக விலைதான். ஆனால் சித்திரையில் "இந்த வருடம் நல்ல மழை" என்று மனதில் விழுந்துவிட்டால், கார்த்திகையில் வானம் வேறு சொன்னாலும் காது கொடுக்கத் தோன்றாது.

## பழமொழியும் அறிகுறியும்

அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம், எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை. இவையெல்லாம் சில மணி நேரக் கணிப்பு, காற்றில் ஈரம் கூடுவதை அந்த உயிர்கள் நமக்கு முன்னால் உணர்கின்றன. களத்தில் நெல் காயும்போது இது போதும், படுதாவை எடுத்துவரச் சொல்லலாம்.

ஆனால் காலத்தைப் பற்றிய பழமொழியில் ஏமாந்திருக்கிறேன். "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பது எங்கள் பெரியப்பா வாயில் எப்போதும் இருக்கும். 2021 பொங்கல் நேரத்தில் டெல்டாவில் நாள் கணக்கில் பெய்து, அறுப்புக்கு நின்ற சம்பா வயலிலேயே முளைத்தது. இரண்டே வருடத்தில் 2023 தை மாதம், நான் மேலே சொன்னது. "இது நம்ம கணக்குல இல்லாத மழைடா தம்பி" என்றார் பெரியப்பா, முகத்தைப் பார்க்க முடியவில்லை. பல நூறு வருட அனுபவம் அந்தப் பழமொழியில் இருக்கிறது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தை மாத அறுப்பை அதை மட்டும் நம்பி இனிமேல் திட்டமிட மாட்டேன்.

## வானிலை ஆய்வு மையம்

திட்டு அதிகம் வாங்குவது இவர்கள்தான், ஆனால் இந்தப் பட்டியலில் தப்பினால் தப்பு என்று தெளிவாகத் தெரியும்படி சொல்கிறவர்களும் இவர்கள்தான். சிக்கல், அவர்கள் சொல்வதை நாம் வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறோம். அந்தச் சொற்களுக்கு அளவு இருக்கிறது:

- கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டருக்கு மேல்.
- மிக கனமழை, ஏறக்குறைய 12 முதல் 20 சென்டிமீட்டர்.
- அதி கனமழை, அதற்கும் மேல்.
- "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்குள். கால் பங்கிலிருந்து பாதி, பாதியிலிருந்து முக்கால், முக்காலுக்கு மேல் என்று அடுத்தடுத்து வேறு சொற்கள் உண்டு.
- நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.

"ஓரிரு இடங்களில் கனமழை" என்று சொன்ன நாளில் என் ஊரில் பெய்யாமல் போனால் கணிப்பு தப்பவில்லை, சொல்லப்போனால் நாலில் மூன்று ஊரில் அவ்வளவு பெய்யாது என்றுதான் அதற்கு அர்த்தம். இது புரியாமலே பல வருடம் திட்டியிருக்கிறேன்.

அதி கனமழை என்ற சொல்லுக்கு மேல்வரம்பு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். 2023 டிசம்பர் 17-18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தூத்துக்குடி மாவட்டத்தின் வருடச் சராசரியைவிட அதிகம். 21 சென்டிமீட்டரும் அதி கனமழைதான், 95-ம் அதி கனமழைதான். அதி கனமழை என்றால் குறைந்தது இவ்வளவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே பலம்? மூன்று நாளுக்குள், அதிலும் புயல் என்றால். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. கடக்கும் பகுதியை நாள் கணக்கில் முன்பே சொல்லி ஆட்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். உயிர்கள் பிழைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தென்னைக்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை, இருபது முப்பது வருட மரத்தை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

எங்கே பலவீனம்? நகராமல் நின்றுவிடும் புயலில். 2020 டிசம்பரில் புரெவி பாம்பன், கன்னியாகுமரி பக்கம் போகிறது என்று எல்லார் கண்ணும் தெற்கே இருந்தது. அது மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரமாக நின்று வலுவிழந்து, மழையைக் கொட்டியது கொள்ளிடம், சிதம்பரம் பக்கம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரை கடக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போனது, கடந்த பிறகும் நகராமல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பாதையைச் சொல்வதைவிட வேகத்தைச் சொல்வது கஷ்டம் போலிருக்கிறது, நம் நஷ்டமோ அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

பருவம் முழுவதற்கும் சொல்லும் கணிப்பு இன்னொரு ரகம். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று இந்த நாட்டில் நூற்று முப்பது வருடத்துக்கும் மேலாகப் போராடுகிறார்கள். 1904 முதல் 1924 வரை வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், அதைத் தேடிப் போய்த்தான் பசிபிக் பக்கமும் இந்தியப் பெருங்கடல் பக்கமும் காற்றழுத்தம் ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது), லா நினா (குளிர்வது) என்று நாம் பேசுவதற்கு அடிப்படை அதுதான். எல் நினோ வந்தால் வடக்கே தென்மேற்குப் பருவமழை குறையும், நமக்கு வடகிழக்கு கூடும் என்பது பொது வழக்கம். 2015-இல் அப்படித்தான் ஆனது. ஆனால் 2021-இல் லா நினா, கணக்குப்படி மழை குறைய வேண்டும், தமிழ்நாட்டில் இயல்பைவிட 59 விழுக்காடு கூடப் பெய்தது. ஆகவே பருவக் கணிப்பைக் கேட்டுக்கொள்கிறேன், அதன்மேல் கடன் வாங்க மாட்டேன். குறுவைச் சாகுபடி போடலாமா என்பதற்கு மேட்டூர் அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்தாலே போதும், ஏனென்றால் அது கணிப்பு இல்லை, இருப்பு.

இங்கே மறைமுகச் செலவுதான் நான் முதலில் சொன்னது: கணிப்பு நல்லதாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நல்லதாக இருக்கும். மெஷின் வாடகை ஏறும், படுதா கிடைக்காது, கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை வரிசை தெருவரைக்கும் வரும்.

வேளாண்மைக்கென்று வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வரும் ஆலோசனையை மேக்தூத் ஆப்பில் தமிழிலேயே பார்க்கலாம். கவனிப்பவர்கள் குறைவு, உரம், மருந்து வேலைக்கு எனக்கு உதவியிருக்கிறது.

## செல்போன் ஆப்

போனில் வரும் மேகப் படத்துக்குப் பின்னால் ஆள் இல்லை, ஒரு மாடல், அதாவது கணினி போடும் வானிலைக் கணக்கு, இருக்கிறது. அமெரிக்க மாடலோ ஐரோப்பிய மாடலோ, சில ஆப்களில் எது வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. கட்டம் ஒன்பது பத்துக் கிலோமீட்டர் அகலம் என்றால் அதற்குள் நாலைந்து ஊர் அடங்கிவிடும், ஆப் காட்டுவது என் வயலுக்கான எண் இல்லை, அந்த முழுக் கட்டத்துக்கும் ஒரு எண். வெப்பச்சலன மழை, அதாவது வெயில் சூட்டில் மேகம் திரண்டு பெய்யும் மழை, வரப்புக்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் காயும், அதை எந்தக் கட்டமும் பிடிக்காது.

பத்து நாள், பதினைந்து நாள் கணிப்பு காட்டுகிறார்களே, அதில் ஆறாம் நாளுக்கு அப்புறம் இருப்பதை நான் எழுதிவைத்துப் பார்த்ததில் தினமும் மாறியது. காலையில் பார்த்தால் 12-ஆம் தேதி பெருமழை, சாயங்காலம் பார்த்தால் அதே தேதி வெயில். ஆனால் இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டு மாடலும் ஒத்துப்போய், அந்தப் பேச்சு மூன்று நாளாக மாறாமல் இருந்தால், எனக்கு அது பெரும்பாலும் பலித்திருக்கிறது. ஒரு தடவை பார்ப்பதில் பயனில்லை, மாறுகிறதா மாறவில்லையா என்று பார்ப்பதில்தான் விஷயம்.

மறைமுகச் செலவு: நாளைக்கு இருபது தடவை பார்க்கிறோம், ஒவ்வொரு தடவையும் மனசு ஏறி இறங்குகிறது. அறுப்பு நேரத்தில் நான் காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன், என் மனைவி கேட்டுக்கொண்டதால்.

## தனியார் கணிப்பாளர்கள்

தமிழ்நாடு வெதர்மேன் என்று அறியப்படும் பிரதீப் ஜான் போலச் சிலர் மாடல், ராடார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பெயர் சொல்லி நம் பேச்சில் எழுதுகிறார்கள். அவர்களிடம் கிடைக்கும் பெரிய விஷயம், எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்துச் சொல்வது: "இது இன்னும் உறுதியாகவில்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்று எழுதுகிறவரை நான் நம்புவேன். "வரலாறு காணாத பேய்மழை" என்று பத்து நாள் முன்பே தலைப்பு வைக்கிற வீடியோக்களும் நிறைய. அவர் போன தடவை சொன்னது என்ன ஆயிற்று என்று பழைய வீடியோவைத் தேடிப் பாருங்கள், தப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறாரா என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

## சொந்த நோட்டு

இதற்கு ஆன செலவு எனக்கு ஒரு நோட்டும், நேரான பக்கமுள்ள ஒரு தகர டப்பாவும், பள்ளிக்கூட ஸ்கேலும்தான். மரம் மறைக்காத இடத்தில் டப்பாவை வைத்து, காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டு அளந்து எழுதுகிறேன். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 40,000 லிட்டர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துப் பத்தியில் முந்தின நாள் வானிலை மையம் என்ன சொன்னது, ஆப் என்ன காட்டியது. அவ்வளவுதான்.

இது வரப்போகும் மழையைச் சொல்லாது. யார் சொன்னது என் வயலில் எத்தனை தடவை பலித்தது என்று சொல்லும். அதுவரை எனக்கு நினைவில் இருந்ததெல்லாம் தப்பிய நாட்கள் மட்டும்தான், பலித்த நாள் நினைவில் நிற்பதே இல்லை. திடீர் மழைக்கு ஆப்பைவிட ராடார் படம் நல்லது, காரைக்காலில் ராடார் இருக்கிறது, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று இரண்டு மணி நேரம் முன்னால் கண்ணால் பார்க்கலாம் என்பதும் இந்த நோட்டால்தான் புரிந்தது. இதற்கு ஆகும் செலவு பொறுமை. இரண்டு வருடமாவது எழுதினால்தான் பேசும்.

## கணிக்காமலே ஏற்பாடு செய்வது

இதை யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் என்ன செய்வது என்று மட்டும் முன்பே செய்துவைப்பது. தாழ்ந்த வயலில் சி.ஆர். 1009 சப்-1 மாதிரி நாற்றுப் பருவத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம் தாங்கும் ரகம். எல்லா வயலையும் ஒரே வாரத்தில் அறுப்புக்கு வரும்படி விதைக்காமல் பத்து நாள் இடைவெளி. வடிகால் வாய்க்காலைப் புரட்டாசியிலேயே தூர்வாருவது. பயிர்க் காப்பீடு, சம்பாவுக்கு நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு முடியும்.

இதற்கும் மறைமுகச் செலவு இருக்கிறது. நீண்ட நாள் ரகம் போட்டால் அறுப்பு தள்ளிப்போகும், தை மாத மழைக்கு மாட்டலாம். காப்பீட்டில் இழப்பீடு கிராமத்தில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையை வைத்துத்தான், உங்கள் ஒரு வயல் மட்டும் தாழ்வாக இருந்து போனால் கிடைக்காமல் போகலாம். நல்ல வருடத்தில் கட்டிய காசு வீண் மாதிரி தோன்றும், அப்போது நிறுத்தத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது.

## ஒரே பார்வையில்

| எது | எத்தனை நாள் முன்னால் | எவ்வளவு இடம் | தப்பினால் தெரியுமா | எதற்கு எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| பஞ்சாங்கம் (திதி) | வருடம் | எங்கும் | தெரியும், தப்புவதில்லை | கடல் ஏற்றம், வடிகால் |
| பஞ்சாங்கம் (மழைப் பலன்) | வருடம் | சொல்வதில்லை | தெரியாது | முடிவுக்கு எடுக்க வேண்டாம் |
| ஈசல், எறும்பு, தட்டான் | சில மணி நேரம் | நின்ற இடம் | உடனே தெரியும் | களத்தில் காயும் நெல் |
| வானிலை மையம் | 1 முதல் 5 நாள் | மாவட்டம் | தெரியும் | அறுப்பு, புயல் ஏற்பாடு |
| பருவக் கணிப்பு | 3 மாதம் | மாநிலம் | ஓரளவு | கேட்டுக்கொள்ள மட்டும் |
| ஆப், மாடல் | 5 நாள் வரை | கட்டம் | எழுதிவைத்தால் தெரியும் | போக்கு மாறுகிறதா என்று பார்க்க |
| ராடார் | 2, 3 மணி நேரம் | ஊர் | உடனே தெரியும் | உரம், மருந்து |
| காப்பீடு, ரகம், வடிகால் | தேவையில்லை | உங்கள் வயல் | பொருந்தாது | யார் சொன்னதும் தப்பும்போது |

## அந்தக் கணக்கு

அறுப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது மழை அறிவிப்பு வருகிறது. முன்கூட்டியே அறுப்பதா, காத்திருப்பதா? 2023-இல் என் வயலுக்கு வைத்த கணக்கு இது, உங்களுக்கு எண் மாறும். ஏக்கருக்கு 30 மூட்டை, 60 கிலோ மூட்டை, ஆக 1,800 கிலோ. கிலோ 21 ரூபாய் என்றால் ஏறக்குறைய 38,000. ஐந்து நாள் முன்னால் அறுத்தால் பச்சை நெல்லில் இரண்டு மூட்டை போகும், ஈரம் 17 விழுக்காட்டுக்கு இறங்கினால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள், ஆகவே காயவைக்க ஆள்கூலி, எல்லாம் சேர்த்து 4,000 நஷ்டம். மழை பெய்து சாய்ந்தால் பாதி போகும், 19,000.

4,000-ஐ 19,000-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். அதாவது மழை வர அதைவிடக் கூடுதல் வாய்ப்பு இருந்தாலே அறுத்துவிடுவதுதான் லாபம். "40 சதவீதம்தானே, வராமல் போகலாம்" என்று காத்திருப்பது அந்த நேரத்தில் தப்பு. அப்படி அறுத்து மழை வராமல் போனால் கணிப்பாளரைத் திட்ட மாட்டேன், பத்துத் தடவை அப்படிச் செய்தால் மொத்தத்தில் நான்தான் மிச்சம் பிடிப்பேன்.

மேலுரம் போடுவதில் கணக்கு தலைகீழ். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பயிருக்கு ஒன்றும் ஆகாது, போட்ட பிறகு பெய்தால் யூரியா வாய்க்காலில் போகும். ஆகவே லேசான சந்தேகம் இருந்தாலும் தள்ளிவைக்கலாம், ராடாரைப் பார்த்துவிட்டு மறுநாள் போடலாம். ரகம் தேர்வுக்கு எந்தக் கணிப்பும் உதவாது, அங்கே காப்பீடும் வடிகாலும்தான் பேசும்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன், இதையெல்லாம் யோசிக்கவைத்ததே அதுதான். இப்போது மார்கழி பிறந்ததுமே ஆத்தூர்த் தரகரிடம் ஏக்கருக்கு 500 ரூபாய் முன்பணம் கொடுத்து, "தை 5-லேர்ந்து 15-க்குள்ள நான் கூப்பிட்ட அன்னைக்கு வண்டி வரணும்" என்று பேசிவைத்துவிடுகிறேன். முதல் வருடம் அவர், "மழை இல்லேன்னா இந்தக் காசு உங்களுக்கு நட்டம்தானேண்ணே" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நோட்டில் அந்த 1,500-ஐ மழைச் செலவு என்ற பத்தியில்தான் எழுதுகிறேன், பெய்த வருடமும் பெய்யாத வருடமும்.